கற்றுத்தராமல் தண்டிப்பதா?

1958ஆம் ஆண்டு ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. நாடெங்கும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதே அதன் தலையாய பணி. ஃபோர்டு அறக்கட்டளையும் பிரிட்டிஷ் கவுன்சிலும் அதற்குத் துணைநின்றன. 1972இல் அயல்மொழிகளும் அதில் சேர்க்கப்பட்டன. 2007இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே அது ஆங்கில மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாயிற்று. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் நல்கொண்டாவிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ வந்து பட்டப்படிப்பில் சேரும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளை, முப்பது பக்க ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் துணையின்றிப் படித்து முடிக்க இயலாமல் இன்றும் தவிக்கிறார். இந்தப் பழியை ஒரு நிறுவனத்தின் தலையில் மட்டும் சுமத்திவிட முடியாது.

இங்கே நாம் பேசுவது இலக்கணப் பிழையைப் பற்றியோ, நுனிநாக்கு உச்சரிப்பைப் பற்றியோ அல்ல. ஆசிரியர் நிறுவ முயல்வது எதை, அதற்கு அவர் தரும் சான்று எது, அச்சான்று போதுமானதா என்று கேட்டுக்கொண்டே படிப்பது ஒரு திறன். தன் கருத்தை முன்வைத்து, எதிர்வாதத்தை மறைக்காமல் எடுத்துக்கூறி, அதற்கு விடையளித்து நான்கு பக்கம் எழுதுவது இன்னொரு திறன். நூலகத்தில் உரிய நூலைத் தேடி எடுப்பதும், பிறர் சொல்லைப் பிறருடையதென்று ஒப்புக்கொண்டு எடுத்தாள்வதும் வேறொரு திறன். இவை எவருக்கும் பிறவியிலேயே வாய்ப்பதில்லை. வீட்டில் நூலகமும் படித்த பெற்றோரும் உள்ள பிள்ளைக்கு இவை அறியாமலே வந்து சேர்கின்றன. மற்றவர்களுக்குக் கல்விக்கூடம்தான் கற்றுத்தர வேண்டும். நமது கல்விக்கூடங்களோ நோட்ஸை மனப்பாடம் செய்யவைத்து, ஒரு மதிப்பெண் வினாக்களுக்குக் கட்டத்தை நிரப்பப் பழக்குகின்றன. 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைச் சேர்க்கையையும் அத்தகைய தேர்வே முடிவு செய்கிறது. சொந்தமாக ஒரு பத்தியும் எழுதிப் பாராமலே ஒருவர் பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்துவிடலாம்.

கடந்த பிறகுதான் தண்டனை தொடங்குகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் எடுத்தாண்ட பகுதி 10 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும். 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். எழுத்துத் திருட்டைக் கண்டிப்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் ஆய்வு நெறி குறித்த கட்டாயப் பாடம் முனைவர் பட்ட நிலையில்தான் வருகிறது, அதுவும் இரண்டே கிரெடிட்! அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் மாணவர் எதைக் கற்றார் என்று கேட்பாரில்லை. முதல் தலைமுறை மாணவர்கள் ஆய்வு எழுத்தில் கைபழகிய இடம் எம்ஃபில் படிப்பு. புதிய கல்விக் கொள்கையின் பெயரால் 2022இல் அதுவும் ஒழிக்கப்பட்டது.

இதன் விலை என்ன என்பதை ஹைதராபாத் அறியும். சேலம் மாவட்டத்திலிருந்து ஹைதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆய்வுக்குச் சென்ற தலித் மாணவர் ஒருவர், வழிகாட்டிப் பேராசிரியர் ஒதுக்கப்படாத நிலையில், 2008 பிப்ரவரியில் உயிரை மாய்த்துக்கொண்டார். எட்டாண்டுகளுக்குப் பின் அதே வளாகத்தில் ரோகித் வெமுலாவை இழந்தோம். கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பியவர் அவர். தமக்குச் சேரவேண்டிய ஏழு மாத உதவித்தொகையைப் பற்றியும் அவர் தம் இறுதிக் கடிதத்தில் எழுத நேர்ந்தது. இச்சாவுகளுக்கு ஆங்கிலம்தான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. சாதிய ஒதுக்கல் அங்கே பல வடிவங்களில் செயல்படுகிறது. வழிகாட்டலை மறுப்பது அவற்றில் ஒன்று.

அப்படியானால் முதல் வகுப்பிலிருந்தே எல்லாவற்றையும் ஆங்கிலவழிக்கு மாற்றிவிடலாமே என்போர் உண்டு. ஆந்திர அரசு 2019இல் அவ்வாறு ஆணையிட்டது. உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புரியாத மொழியில் பாடத்தை உருப்போடும் பிள்ளைக்கு எந்த மொழியிலும் சிந்திக்கும் பழக்கம் வாய்ப்பதில்லை. இந்திய மொழியில் உயர்கல்வி இயலாது என்போருக்கும் ஹைதராபாத்தே விடை சொல்கிறது. 1918இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகம், மொழிபெயர்ப்புத் துறை ஒன்றை அமைத்து நூல்களை ஆக்கி, மருத்துவத்தையும் பொறியியலையும் உருதுவில் கற்பித்தது. மக்களில் பெரும்பாலோர் தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேச, ஆட்சியாளரின் மொழியை அவர்கள்மேல் ஏற்றியது அதன் குறை. இந்தியைத் திணிக்கத் துடிக்கும் ஒன்றிய ஆட்சியாளர்கள் கவனிக்க வேண்டிய குறையும் அதுவே.

ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது. முப்பது பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசுக் கல்விக்கூடங்களுக்குக் கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கட்டும். அவற்றைப் படிக்கக் கற்றுத்தரும் ஆசிரியர் எங்கே? கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் அற்ப ஊதியத்துக்கு அமர்த்தப்படுபவர், நூறு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் குறிப்பெழுதித் தர முடியுமா?

பதினோராவது திட்டக் காலத்தில் தலித், பழங்குடி, பிற்பட்ட, சிறுபான்மை மாணவர்களின் தனிப்பயிற்சிக்கு மானியக் குழு நிதி அளித்தது. குறைதீர் பயிற்சி என்று அதற்குப் பெயர் (குறை மாணவரிடம் இருப்பதாக நினைப்பு!). இனி அது சலுகையாக அன்றி, எல்லா மாணவருக்கும் உரிய பாடமாகவே அமைய வேண்டும். முதலாண்டிலேயே சிறு குழுக்களாக, நிரந்தர ஆசிரியர்களைக் கொண்டு, தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் வாசிப்பையும் கட்டுரை எழுத்தையும் கற்பிக்க வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். ஆய்வேட்டைத் தாய்மொழியில் எழுத விரும்புவோருக்கு எல்லாத் துறைகளிலும் அவ்வுரிமை வேண்டும். மாநிலங்களின் அரசுக் கல்லூரி ஆசிரியர்களுக்கு இப்பயிற்சியை அளிக்கும் பொறுப்பையும் அதற்கான நிதியையும் ஹைதராபாத் ஆங்கிலப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்றிய அரசு வரும் நிதிநிலை அறிக்கையிலேயே வழங்க வேண்டும். அது தொடங்கப்பட்டதே அந்தப் பணிக்காகத்தான்.