பேர் தெரியுமா?

கிள்ளானிலிருந்து கொமுட்டரில் வரும்போது, படிவம் இரண்டில் படிக்கும் மகள் கேட்டாள்: “கோலாலம்பூரை உருவாக்கினது யாருப்பா?”

“சுவெட்டன்ஹாம்” என்றேன்.

“டீச்சர் யாப் ஆ லோய்னு சொன்னாங்களே!”

இரண்டுமே பாதி உண்மைதான். 1881-இல் தீயில் எரிந்த ஊரை, செங்கல்லும் ஓடுமாகக் கட்டவைத்தவர், மறு ஆண்டு சிலாங்கூர் ரெசிடெண்டான பிராங்க் சுவெட்டன்ஹாம். 1886-இல் கிள்ளான் அருகே புக்கிட் கூடா வரை ரயிலும் ஓடியது. பழைய ஆங்கில வரலாறுகள் எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதின. 1906-இல் ‘பிரிட்டிஷ் மலாயா’வை எழுதியதும் அவரேதான்! பின்னால் எழுதியவர்கள், உள்நாட்டுப் போரில் சிதைந்த ஊரை 1873-க்குப் பிறகு மீண்டும் எழுப்பிய கப்பித்தான் யாப் ஆ லோயை முன்னிறுத்தினார்கள்.

ரஷ்யாவின் பீட்டர் மன்னர் விஷயத்திலும் இதே வழக்கு. நாட்டை நவீனமாக்கினார் என்று ஒரு சாரார். மண்ணின் மரபை முறித்தார் என்று மறு சாரார். அவருடைய பீட்டர்ஸ்பர்க்கை எழுப்பும் கட்டாய வேலையில் மடிந்தவர்களை நினைப்பவர்களும் உண்டு.

சுவெட்டன்ஹாம் பெயரிலிருந்த துறைமுகம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது. ஆனால் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கி, தண்டவாளம் பார்த்த நம்மவர்களுக்கு மாற்றுவதற்குக்கூட ஒரு பெயர்ப்பலகை இருந்ததில்லை.

“உன் கொள்ளுத்தாத்தா இந்த ரயில்வேயில்தான் வேலை பார்த்தார்” என்றேன்.

“அவர் பேர் என்னப்பா?”

கேஎல் சென்ட்ரலில் இறங்கியதும் அம்மாவுக்குப் போன் போட்டுத்தான் கேட்டேன். மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள்.