பிரியாணியும் ஒரு பதிவேடும்!

ஒரு சின்ன கேள்வி பாஸ். ஹாஸ்டல் மெஸ் கமிட்டியில நீங்க மெம்பர். அடுத்த வருஷ கான்ட்ராக்ட் யாருக்குன்னு முடிவு பண்ணப் போறீங்க. அந்த நேரம் பார்த்து ஒரு கான்ட்ராக்டர், ‘சும்மா டேஸ்ட் பாருங்க தம்பி’ன்னு சுடச்சுட பிரியாணி பார்சலை நீட்டுறார். வாங்குவீங்களா?

நான் வாங்கினேன். லெக் பீஸோட! ஓட்டும் அவருக்கே போட்டேன். ‘பிரியாணிக்காகவாடா போட்ட?’ன்னு ரூம்மேட் கேட்டப்போ, ‘சேச்சே... ரேட் கம்மி மச்சி’ன்னு சமாளிச்சேன். நிஜமா எது காரணம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியலை. மேட்டரே அதுதான்!

இதே பிரியாணிக் கதை, மெகா சைஸ்ல கனடாவின் டொரண்டோ மாநகராட்சியில நடந்திருக்கு. ஸ்கார்பரோவில் நம்ம தமிழ் மக்கள் பெரிய எண்ணிக்கையில் வரி கட்டுற அதே ஊர்தான். அக்கம்பக்கத்து நகராட்சிகளை ஒண்ணாக்கி 1998-ல் புது டொரண்டோ உருவாச்சு. கூடவே 2000-ம் வருஷம் பிறந்தா பழைய கம்ப்யூட்டரெல்லாம் படுத்துடும்னு ஒரு பயம். அதனால புது கம்ப்யூட்டர்களை மூணு வருஷக் குத்தகைக்கு எடுக்கலாம்னு 1999-ல் கவுன்சில் முடிவு பண்ணுச்சு. ஒப்புதல் தந்த தொகை சுமார் 4.3 கோடி டாலர். கடைசியில் கணக்குப் பார்த்தா ஏறக்குறைய 8.5 கோடி! குத்தகைக் காலமும் கவுன்சிலுக்கே தெரியாம அஞ்சு வருஷமா நீண்டிருந்தது.

எப்படி நடந்ததுன்னு விசாரிக்க நீதிபதி டெனிஸ் பெல்லாமி தலைமையில் கமிஷன் போட்டாங்க. தோண்டத் தோண்ட கோல்ஃப், விருந்து, ஹாக்கி மேட்ச், அந்த மேட்ச் பார்க்க ஃபிலடெல்ஃபியாவுக்குத் தனி விமானம்னு வந்துக்கிட்டே இருந்தது. 2005-ல் வெளியான அறிக்கையில் 241 பரிந்துரைகள். அதில் முக்கியமான ஒண்ணு: லாபியிஸ்ட்டுகளுக்கு ஒரு பதிவேடு.

லாபியிஸ்ட்னா யாரு? மாநகராட்சியில் ஒரு காரியம் நடக்கணும்னு கவுன்சிலரையோ அதிகாரியையோ பார்த்துப் பேசுற ஆள். பெரும்பாலும் சம்பளத்துக்கு. இது குற்றமானு கேட்டா, இல்லை. பில்டிங் கட்டுறவர் தன் கஷ்டத்தைச் சொல்லாம கவுன்சிலருக்கு எப்படித் தெரியும்? ஆனா கதவை மூடிக்கிட்டுப் பேசினா ஊருக்கு எப்படித் தெரியும்? டொரண்டோ இந்த ரெண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரு விடை கண்டுபிடிச்சது. தாராளமா பேசு, ஆனா எழுதி வெச்சிடு!

2008-ல் பதிவேடு அமலுக்கு வந்தது. பேசப் போறதுக்கு முன்னாடியே யார், யாருக்காக, எந்த விஷயமானு பதிவு பண்ணணும். பேசின மூணு வேலை நாளுக்குள்ள யாரைப் பார்த்தோம்னு சொல்லணும். பரிசு கொடுக்கக் கூடாது. ‘காரியம் முடிஞ்சா இவ்ளோ’ன்னு கமிஷன் பேசக் கூடாது. மாநகராட்சியில் பெரிய பதவியில் இருந்தவர், விலகின கையோட லாபியிஸ்ட்டா திரும்பி வர முடியாது. 12 மாசம் காத்திருக்கணும். மீறி கோர்ட்ல நிரூபணமானா முதல் தடவை 25,000 டாலர் வரை அபராதம், அடுத்த தடவை ஒரு லட்சம் வரை.

பயப்படாதீங்க, ‘எங்க தெருவுல ரோடு சரியில்லை’ன்னு உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட புலம்ப பதிவெல்லாம் வேண்டாம்.

இதில் எனக்குப் பிடிச்சது, அந்தப் பதிவேட்டை யார் வேணும்னாலும் இலவசமா நெட்ல தேடிப் பார்க்கலாம்ங்கிறதுதான். ப்ரோக்ராம் எழுதுற நமக்கு இது புதுசில்லை. சர்வர் படுத்தா முதல்ல எதைத் திறப்போம்? லாக் ஃபைல். யார், எப்போ உள்ளே வந்தாங்கன்னு அது சொல்லும். மாநகராட்சிக்கு அப்படி ஒரு லாக் ஃபைல்!

ஓட்டையே இல்லையானு கேட்டா, இருக்கு. சந்திச்சாங்கன்னு லாக் சொல்லும். மனசுக்குள்ள என்ன மாறுச்சுன்னு சொல்லாது. பதிவே பண்ணாம உள்ளே நுழையறவரைத் தேடித்தான் பிடிக்கணும். அதுக்குன்னே தனியா ஒரு பதிவாளர், விசாரணை அதிகாரத்தோட இருக்கார். ஆனா எழுத்துல வரும்னு தெரிஞ்சாலே பாதிப் பேர் பிரியாணி பார்சலை நீட்ட யோசிப்பாங்க. வாங்குற கையும் யோசிக்கும்.

இந்த வருஷமும் நான் மெஸ் கமிட்டியில இருக்கேன். வார்டன்கிட்ட கேட்டு நோட்டீஸ் போர்டு பக்கத்துல ஒரு நோட்டைக் கட்டித் தொங்க விட்டாச்சு. எந்த கான்ட்ராக்டர் யாரைப் பார்த்தாலும், என்ன நீட்டினாலும் தேதியோட அதுல எழுதணும்.

முதல் வரி என் கையெழுத்துதான்: ‘போன வருஷம். பிரியாணி ஒண்ணு. வாங்கியது நான்.’

படிச்சுட்டு சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும் பாஸ்... அடுத்த வரியை யார் எழுதப் போறாங்கன்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்!