திறந்து வைத்தாரா, திறந்து போட்டாரா?

ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கிறதோ இல்லையோ, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்கிற நாளில் வாய்க்கால் கரையில் இரண்டு விதப் பேச்சு கேட்கும். ‘லஸ்கர் மதகைத் திறந்து வச்சிட்டாரு’ என்பார் ஒருவர். ‘திறந்து போட்டுட்டாரு’ என்பார் இன்னொருவர். மதகு ஒன்றுதான், ஷட்டர் ஏறிய உயரமும் ஒன்றுதான். முதல் பேச்சில் மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கருக்கு நல்ல பெயர்; நாற்றங்கால் காய்கிறதே என்று யோசித்துச் செய்திருக்கிறார். இரண்டாவதில், நட்ட வயல் மூழ்கினால் யார் சட்டையைப் பிடிப்பது என்பது முடிவாகிவிட்டது. ‘திறந்து தொலைச்சாரு’ என்றால் இத்தனை நாள் இழுத்தடித்த கதையும் கூடவே வருகிறது. அரசு அறிக்கையில் இவ்வளவும் ‘திறக்கப்பட்டது’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அமுங்கிப் போகும்.

பள்ளி இலக்கணம் ‘திறந்து’ என்பதை வினையெச்சம் என்று சொல்லி, தெரிநிலையா குறிப்பா என்று கேட்டு, மதிப்பெண் போட்டு நகர்ந்துவிடுகிறது. வை, போடு, தொலை, தள்ளு, கொள், பார் எல்லாம் ‘துணைவினை’ என்ற தலைப்பில் கொசுறாக வந்து போகின்றன. மொழியியலாளர் இ. அண்ணாமலை 1985-இல் இதற்கென்றே ஆங்கிலத்தில் ஒரு தனிப் புத்தகம் எழுதினார். அதைப் படித்த தமிழாசிரியரை எங்கள் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு வினை தன் பொருள் தேய்ந்து வேறு வேலை பார்க்கிற இந்த விஷயத்தில் தொல்காப்பியர் நம் பாடநூல்களைவிடக் கூர்மை. ‘என’ என்ற சொல்லை அவர் வினையியலில் வைக்கவில்லை. இடையியலில் வைத்து, வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் என ஆறு இடங்களில் அது வரும் என்றார். ‘என்று’ம் அப்படியே என்றார். ‘தண்ணி வரும்னு நாத்து விட்டேன்’ என்கிற மிராசுதார் யாரிடமும் எதையும் சொல்லவில்லை, நம்பினார், அவ்வளவுதான். ‘சலசலன்னு ஓடுது’ என்பதிலும் சொல்கிற ஆள் கிடையாது. சொல்லுதல் தேய்ந்து, ஒரு வாக்கியத்தை இன்னொன்றோடு பூட்டுகிற கொக்கி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இதே கொக்கி இமயமலைப் பக்கமும் இருக்கிறது. மணிப்பூரின் மெய்தெய், காட்மாண்டுவின் நேவார் இரண்டும் சீன-திபெத்தியக் குடும்பத்து மொழிகள். இரண்டிலும் ‘சொல்’ என்ற வினையிலிருந்து வந்த ஓர் உருபுதான் நம் ‘என்று’வின் வேலையைப் பார்க்கிறது, அதுவும் நம்மைப் போலவே சொன்னதற்குப் பின்னால், முதன்மை வினைக்கு முன்னால் நின்று. சீனத்தின் தென்பகுதிப் பேச்சுகளில் ‘சொல்’ இடம் மாறி நிற்கும்: ‘நினைத்தேன்-சொல்-மழை வரும்’ என்கிற வரிசை. வினை கடைசியில் வரும் மொழிக்கும் நடுவில் வரும் மொழிக்கும் உள்ள வேறுபாடு அது.

பர்மியம் இன்னும் நெருக்கம். ‘ஸா’ என்றால் சாப்பிடு. அதோடு பார்த்தலைக் குறிக்கும் ‘ச்சி’ சேர்ந்தால் சாப்பிட்டுப் பார். கதவைத் திறந்து வை என்பதற்கு அவர்களும் ‘வை’யைத்தான் போடுகிறார்கள். கொன்று போடு என்பதற்கு எறிதலைக் குறிக்கும் வினை. எழுதிக் கொடு என்பதற்குக் ‘கொடு’. உடனே உறவு கொண்டாடக் கிளம்பும் ஆட்கள் நம்மிடம் உண்டு. ஜப்பானியரும்தான் ‘சாப்பிட்டுப் பார்’ என்கிறார்கள்! ஒற்றுமையைவிட மூட்டு விலகும் இடத்தில்தான் சுவாரசியம். நாம் ‘திற’வைத் ‘திறந்து’ என்று வளைத்துத்தான் அடுத்த வினையை மாட்ட முடியும். பர்மியர் பகுதியை அப்படியே பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். சீனரும் அப்படித்தான், ஆனால் இரண்டாவது வினையை முதல் வினையின் விளைவைச் சொல்ல வைக்கிறார்கள்: ‘தேடு-எட்டு’ என்றால் தேடிக் கிடைத்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ‘இல்லை’யைச் செருகினால் ‘தேடியும் கிடைக்காது’. தமிழ் வினையெச்சத்துக்கும் வினைமுற்றுக்கும் இடையில் இல்லையைச் செருக வழியே இல்லை. அந்த வேலையை ‘தேடியும்’ என்பதில் உள்ள ‘உம்’மும் ‘கிடைக்காது’ என்ற எதிர்மறை வினைமுற்றும் சேர்ந்து செய்கின்றன.

இதையெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து மட்டும் ஒப்பிட வேண்டிய அவசியம் தமிழனுக்கு இல்லை. 1962-இல் பர்மாவில் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடையும் நிலமும் பறிபோய்த் திரும்பியவர்கள் தமிழ்நாட்டு ஊர்களில் இருக்கிறார்கள். பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று தரைவழியாகப் போய், எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் குடியேறிய தமிழர்களும் உண்டு. தமிழ், பர்மியம், மெய்தெய் மூன்றும் ஒரே வீட்டில் புழங்குகிற ஊர் அது. மணிப்பூரில் 2023 மே மாதம் தொடங்கிய கலவரம் மோரேயையும் விடவில்லை. ‘சாப்பிட்டுப் பாரு’வை இரண்டு மொழியிலும் யோசிக்காமல் சொல்லக்கூடிய தலைமுறைக்கு இப்போது எழுபதுக்கு மேல் வயது. பர்மியத்தில் வளர்ந்த ஒருவர் தமிழ் பேசும்போது ‘திறந்து’வின் ‘து’வை எங்கே விழுங்குகிறார், ‘போட்டுட்டான்’ என்று எதற்குச் சொல்கிறார் என்று கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டிய காலம் இது. தஞ்சையில் 1981 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கொள்ளிடம் தாண்டினால் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை. கல்வெட்டுக்கும் சுவடிக்கும் காட்டுகிற அக்கறையில் ஒரு பங்கையாவது இந்தப் பேச்சுக்குக் காட்டலாம்.

அதுவரை இவ்விதழில் இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். பர்மாவிலிருந்து வந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் பேசும் வாக்கியங்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னது என்ற குறிப்போடு. அவர்களுடைய பெயர் வேண்டாம். ‘வச்சிட்டாரு’வை ‘வைத்துவிட்டார்’ என்று திருத்த மட்டும் வேண்டாம்.