"வாயைக் கட்டு" என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு; பொறுமையாகப் படியுங்கள்.

விசேஷ வீடுகளில் பருமனான பிள்ளையைக் கண்டதும், "என்னம்மா, இன்னும் ஒரு சுற்று பெருத்துட்டே! வாயைக் கட்டக் கூடாதா?" என்று கேட்பது நமக்கு நலம் விசாரிப்பு போல ஆகிவிட்டது. கேட்பவருக்கு அக்கறைதான். ஆனால் அந்தப் பிள்ளை அடுத்த விசேஷத்துக்கு வருவதில்லை.

உயிரியல் பாடம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உடல் எடை வெறும் மனக்கட்டுப்பாட்டுக் கணக்கு அல்ல. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி, நம் உடலில் எவ்வளவு கொழுப்பு இருப்பு இருக்கிறது என்று சதா கவனித்துக்கொண்டே இருக்கிறது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின்தான் அதற்குத் தகவல் சொல்கிறது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994-இல் இதைக் கண்டறிந்தது. நாம் இளைத்தால் லெப்டின் குறையும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும், உடல் செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும். இரைப்பையில் சுரக்கும் கிரெலினும் தன் பங்குக்குப் பசியைத் தூண்டும்.

"பருமனானவருக்கு லெப்டின் அதிகம்தானே சார், பசி குறைய வேண்டாமா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அவர்கள் மூளை அந்தச் செய்தியைச் சரியாகக் காதில் வாங்குவதில்லை.

அமெரிக்காவில் எடை குறைக்கும் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்த ஆய்வு 2016-இல் வெளியானது. இழந்த எடையில் பெரும்பகுதி பலருக்குத் திரும்பியிருந்தது. அப்படியும், சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் செலவழித்த சக்தி, அவர்கள் உடல்வாகுக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி குறைவு. ஏறக்குறைய ஒரு வேளைச் சாப்பாடு! இவர்களைப் போய் சோம்பேறி என்பது நியாயமா?

அப்படியானால் முயற்சியே வீணா? இல்லை. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுப்பட உதவும். எடை குறையாவிட்டாலும் நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. தேவைப்பட்டால் மருத்துவரிடம் போவதில் வெட்கம் வேண்டாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவரை நாம் மனவுறுதி இல்லாதவர் என்றா சொல்கிறோம்?

நம் மரபணுக்கள் முப்பது நாற்பது ஆண்டில் மாறிவிடவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலையும், கைக்கெட்டும் தூரத்தில் பாக்கெட் தீனியும்தான் புதிதாக வந்தவை. திருத்த வேண்டியது அவற்றை.

பத்து கிலோ குறைத்து, ஐந்து கிலோ திரும்ப ஏறியவரைத் தோற்றவர் என்று சொல்லாதீர்கள். தன் மூளையோடு மல்லுக்கட்டி ஐந்து கிலோவை வென்றவர் அவர். முடிந்தால் மாலையில் அவரோடு சேர்ந்து நடக்கப் போங்கள்.