ஜன்னலோரம் நின்றால் போதுமா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் தம்பி மகளுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். ஹாலில் பிள்ளை மணையில் உட்கார்ந்திருக்கிறாள். பத்தடி தள்ளி ஜன்னலோரம் நின்று ஒரு பெரியவர் சிகரெட் பற்ற வைத்தார். "வெளியே போய்ப் பிடிங்க" என்றேன். நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேனாம். அன்று ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "அத்தை ரிட்டயர் ஆகியும் கிளாஸ் எடுக்கிறதை விடல" என்று ஒரு செய்தி.

சரி, எடுக்கிறேன்.

34 வருஷம் அறிவியல் நடத்தியவள் நான். கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும் என்று போர்டில் எழுதிப் போட்டது ஞாபகம் இருக்கிறதா? சிகரெட் புகையில் அதுவும் இருக்கிறது. தாய் சுவாசித்தால் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும். அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்கிற கர்ப்பிணிக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடுகிறது. அவள் ஒரு தரம்கூட சிகரெட்டைத் தொட்டிருக்க வேண்டாம்.

ஃபில்டர் இருப்பது பிடிப்பவர் வாய்ப்பக்கம். நுனியில் சும்மா கனன்றுகொண்டிருக்கும்போது எழுகிற புகைக்கு எந்த வடிகட்டியும் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் நெஞ்சுக்குள் போவதில் பெரும்பகுதி அதுதான். ஃபேனைப் போட்டால் போயிடும் என்கிறார்கள். எங்கே போகும்? அறைக்குள்ளேயே சுற்றும்.

குழுவில் அடுத்த செய்தி: "தாத்தா 82 வயசு வரைக்கும் சுருட்டுப் பிடிச்சார், என்ன ஆச்சு?"

தாத்தா என்பது என் அப்பா. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, உண்மைதான். என் அம்மா 1987ல் 57 வயதில் போய்விட்டாள். அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. ஒரே அறை. மார்கழியில் ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். அம்மாவின் இருமலை ஈஸ்னோபீலியா என்றோம், அடுப்புப் புகை என்றோம். விறகடுப்புக்கும் பங்கு இருந்திருக்கும், மறுக்கவில்லை. சுருட்டு என்று சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான். பள்ளிக்கூடத்தில் நுரையீரல் படம் வரைந்து பாகம் குறித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவுக்குத் தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தவள் நான்.

அம்மா இறப்பதற்கு ஆறு வருஷம் முன்பே, 1981ல், ஜப்பானில் ஹிராயாமா என்கிற ஆய்வாளர் ஒரு கணக்கை வெளியிட்டிருந்தார். புகைக்காத சுமார் 91,000 மனைவியரைப் பதினாலு வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வு. கணவர் அதிகம் புகைக்கிற வீட்டில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று தெரிந்தது. சிகரெட் கம்பெனிகள் அதைக் குறை சொல்லிப் பார்த்தன. பின்னால் வந்த ஆய்வுகளும் அதையேதான் சொல்லின. இன்று உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில், அடுத்தவர் புகையால் சாகிறவர்கள் வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல்.

நம் நாட்டில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருத்தியைக் காப்பாற்ற அதாவது இருக்கிறது. (யார் வசூலிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.) சொந்த மனைவிக்கு? 2016-17ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், 38.7 சதவீதப் பெரியவர்கள் வீட்டிலேயே இந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். நூறில் முப்பத்தெட்டுப் பேருக்கு மேல்! அங்கே போலீஸ் வராது. நாம்தான் பேச வேண்டும். பேசினால் மரியாதை தெரியாதவள்.

"என் காசு, என் உடம்பு" என்கிற என் மாணவத் தம்பிகளுக்கு: காசு உன்னுடையது, உடம்பும் உன்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். உன் மகளின் மூச்சுக்குழாய் உன்னுடையதா? ராத்திரி பிள்ளைக்கு வீசிங் வந்தால் நெபுலைசர் வாங்க ஓடுகிறாயே, அப்போது யோசித்தாயா?

பிள்ளை பிறந்து பேர் வைக்க எல்லோரும் என் வீட்டுக்குத்தான் வரப்போகிறீர்கள். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். பிடிக்கிறவர்கள் அங்கே. குழந்தையைத் தூக்க ஆசைப்பட்டால் கை, வாய் கழுவி, சட்டையையும் மாற்றிக்கொண்டு உள்ளே வாருங்கள். ஜன்னலோரம் நின்ற பெரியவருக்கும் இதேதான். பத்திரிகையோடு நானே நேரில் வந்து அழைக்கிறேன்.