நிரம்பி வழியும் பரண்

பெங்களூர் தொம்மலூரில் சொக்கநாத சுவாமி கோயில் இருக்கிறது. பெயரைக் கேட்டு சிவன் கோயில் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் பெருமாளைச் சேவித்துவிட்டு வருவார்கள். அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, அழகியார் என்பவர் கோயிலுக்கு 2 நிலைக்கால்கள் கொடுத்ததைச் சொல்கிறது. கொடுத்தவர் யார், கொடுத்தது என்ன என்பதுதான் சேதி. கல்லில் உளி பிடிப்பது சிரமமான வேலை. எனவே எது நிற்க வேண்டும் என்று முதலில் தீர்மானித்தார்கள், பிறகு வெட்டினார்கள்.

இன்றைய தொம்மலூரில் வரிசை தலைகீழ். முதலில் பதிவு, பிறகு தீர்மானம். பெரும்பாலும் தீர்மானம் என்ற கட்டமே வருவதில்லை.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். மகனுக்குப் பக்கத்து சாஃப்ட்வேர் வளாகத்தில் வேலை. வேலூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மாவின் கையில் மகன் உபயோகித்துவிட்டுக் கொடுத்த பழைய போன். ஆஸ்பத்திரி கவுன்டரில் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்கிறார்கள். இறக்க இடமில்லை என்கிறது போன். பின்னால் நிற்பவர் முணுமுணுக்கிறார். பதற்றத்தில் அம்மா கைக்கு அகப்பட்ட உரையாடல்களையெல்லாம் அழிக்கிறார். ரிப்போர்ட் வந்துவிடுகிறது. அழிந்தவற்றில் 2 வருடங்களுக்கு முன் காலமான கணவர் அனுப்பிய குரல் பதிவும் ஒன்று. “மாத்திரை சாப்பிட்டாயா?” என்று கேட்கும் சில விநாடிகள். ரோஜாப்பூவுடன் வந்த காலை வணக்கங்கள் வேறொரு குரூப்பில் பத்திரமாக இருக்கின்றன.

வீடுதான் கற்பனை. இந்தியாவில் இத்தனை போன்கள் ஏன் திணறுகின்றன என்று ஆராய்ந்த கூகுள் நிபுணர்கள் கண்ட முக்கியக் காரணம் ‘குட் மார்னிங்’ படங்கள் என்று 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் கணக்கையும் அது தந்தது: தினமும் போனில் இடமில்லாமல் தவிப்பவர்கள் இந்தியாவில் 3 பேருக்கு ஒருவர், அமெரிக்காவில் 10 பேருக்கு ஒருவர். இடத்தைக் காலிசெய்து தரும் ‘ஃபைல்ஸ் கோ’ என்ற செயலியை 2017 டிசம்பரில் கூகுள் அறிமுகப்படுத்தியது டெல்லியில்தான். இப்போது அதன் பெயர் ‘ஃபைல்ஸ்’.

குப்பை சேர்க்கும் பழக்கம் தானாக வந்துவிடவில்லை. 2004இல் ஜிமெயில் 1 ஜிபி இடத்தோடு வந்தபோது, இனி எதையும் அழிக்கவே வேண்டாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. 2015இல் வந்த கூகுள் போட்டோஸ், படங்களை வரம்பில்லாமல் இலவசமாக வைத்துக்கொண்டது. 2021 ஜூன் 1ஆம் தேதியோடு அந்தச் சலுகை முடிந்தது. மெயில், படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இலவச இடம் 15 ஜிபி என்று ஆனது. அது நிரம்பினால் புதிய மெயில் வருவது நின்றுவிடும். பிறகு இருப்பது 2 வழிகள்: மாதா மாதம் வாடகை கட்டலாம், அல்லது பரணைச் சுத்தம் செய்யலாம்.

சுத்தம் செய்வதில் முதல் விதி, அழிப்பதற்கு முன் எடுத்துவைப்பது. போகிக்கு முந்தைய நாள் நகைப்பெட்டியைத் தனியே எடுத்துவைப்பது மாதிரி. வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகள் கேலரியில் தெரியாது. போட்டோக்களோடு சேர்ந்து சேமிக்கப்படுவதும் இல்லை. வேண்டிய பதிவை விரலால் அழுத்திப் பிடித்து, ‘ஷேர்’ மூலம் தனக்கே மெயில் அனுப்பிக்கொள்வது எளிய வழி. பத்திரம், மார்க் ஷீட், மருத்துவ ரிப்போர்ட்டுகளுக்கும் இதே மரியாதை வேண்டும்.

இரண்டாவது, பெரியதிலிருந்து தொடங்குவது. பலர் ஒவ்வொரு ரோஜாவாக அழித்துக் களைத்துப்போகிறார்கள். ஒரு கல்யாண வீடியோவை எடுத்தால் நூற்றுக்கணக்கான ரோஜாக்களின் இடம் கிடைத்துவிடும். வாட்ஸ்அப்பின் செட்டிங்ஸில் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ என்ற பகுதி 5 எம்பிக்கு மேற்பட்டவற்றையும் பலமுறை கைமாறி வந்தவற்றையும் 2020இலிருந்து தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. கையோடு, படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதையும் நிறுத்திவிட வேண்டும். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே தரையைத் துடைப்பதில் பயனில்லை.

மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கூகுள் போட்டோஸில் ‘பேக்கப்’ ஆன படத்தை அங்கேயே ‘டெலீட்’ செய்தால் போனிலிருந்து மட்டுமல்ல, கூகுள் கணக்கிலிருந்தும் போய்விடும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அழுத்த வேண்டியது ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’. தவறிவிட்டால் கொஞ்சம் அவகாசம் உண்டு. பேக்கப் ஆன படங்கள் 60 நாட்களும், ஜிமெயிலிலும் டிரைவிலும் அழித்தவை 30 நாட்களும் குப்பைத்தொட்டியில் கிடக்கும். போகித் தீ இந்தச் சலுகையைத் தருவதில்லை.

கம்ப்யூட்டரில் வேலை இன்னும் சுலபம். ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து அளவு வாரியாக அடுக்கினால், என்றோ நிறுவி முடித்த மென்பொருள்களும் ஒரே கட்டண ரசீதின் 4 பிரதிகளும் வரிசையாக நிற்கும். ரீசைக்கிள் பின்னைக் காலிசெய்யும் வரை இடம் திரும்பாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மிஞ்சியவற்றில் முக்கியமானவற்றுக்கு 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது தொழில்முறைப் புகைப்படக்காரர்களின் கணக்கு. ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பி அலமாரியில் பூட்டிவைப்பது சேமிப்பு ஆகாது.

காலமானவர்களின் கணக்குகளுக்கு இன்னொரு அபாயம். 2 வருடங்கள் யாரும் திறக்காத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியது. தனக்குப் பின் கணக்கிலுள்ளவை யாரைச் சேர வேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே குறித்துவைக்கும் வசதியை அந்த நிறுவனம் 2013 முதல் தருகிறது. உயில் எழுதத் தயங்குகிற வீடுகளில் இதைப் பற்றிப் பேச்சு எழுவதே அபூர்வம்.

டிஜிட்டல் முறையைக் குறை சொல்லிப் பயனில்லை. தேய்ந்துவரும் கல்வெட்டுகளுக்கே இன்று அதுதான் துணை. 1909இல் தோன்றிய பெங்களூர் மிதிக் சொசைட்டி, நகர வட்டாரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்யும் திட்டத்தை 2021இல் தொடங்கியது. எந்தக் கல், எங்கே இருக்கிறது, என்ன சொல்கிறது என்ற விவரம் இருந்தால்தான் அப்படிச் சேர்ப்பவற்றுக்கு அர்த்தம்.

வீட்டுப் படங்களில் இல்லாதது அதுதான். எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எடுத்தது என்று போனுக்குத் தெரியும். ஓரத்தில் குடையுடன் நிற்பவர் தாத்தாவின் தம்பியா, பக்கத்து வீட்டுக்காரரா என்பது அம்மாவுக்கு மட்டுமே தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு தடவைக்கு 50 படங்கள் பார்க்கலாம். தேவையில்லாதது போகட்டும், இருப்பதன் கீழே 2 வரிகள் ஏறட்டும்: யார், எங்கே. சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.