உடைமையாளர் வீட்டுக் காகிதங்கள்

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகருக்கு என் யூதத் தோழியோடு போயிருந்தேன். அவருடைய தாய்வழி முன்னோர் வாழ்ந்த ஊர். குடும்ப வரலாற்றைத் தேடும் வேலையில் நான் எடுபிடி.

தொடக்கத்தில் எல்லாம் எளிதாகவே கிடைத்தது. 1749இலேயே அங்கே யூதச் சபை அமைந்துவிட்டது. 1800 வாக்கில் அமெரிக்காவிலேயே அதிக யூதர்கள் வாழ்ந்த நகரம் அதுதான். கமிங் தெருக் கல்லறைத் தோட்டத்தில் எபிரேய எழுத்துகளோடு கற்கள் நிற்கின்றன. அரை நாளில் ஐந்து தலைமுறையின் பெயர்கள் எங்கள் கையில்.

ஸ்பெயினும் போர்ச்சுகலும் விரட்டியவர்களின் வழிவந்தோர் அவர்களில் பலர். 1669இல் கரோலினாவுக்காக எழுதப்பட்ட அடிப்படைச் சட்டம் யூதர்களின் வழிபாட்டுக்கு இடம் கொடுத்தது. அதே சட்டம், சுதந்திர மனிதர் ஒவ்வொருவருக்கும் தன் கறுப்பின அடிமைமீது முழு அதிகாரம் உண்டு என்றும் சொன்னது. அதை எழுதியதில் பங்குகொண்டவர் ஜான் லாக். ஆம், நாம் பாடத்தில் படித்த அதே தத்துவவாதி. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. மிதிபட்டு வந்தவருக்கும் மிதிக்க ஓர் ஆளைக் கீழே காட்டிவிடுகிறார்கள்.

1860 கணக்கெடுப்பின் அடிமைப் பட்டியலில் தோழியின் முன்னோர் ஒருவர் இருந்தார், உடைமையாளர் என்ற கட்டத்தில். அவருக்கு நேரே: 35, பெண், கறுப்பு. 12, ஆண், கறுப்பு. 4, பெண், கறுப்பு. அடிமைகளின் பெயரை எழுதக் கட்டமே கிடையாது.

தோழி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதானே?" என்றார். நம்மூர்ப் பண்ணையார் வீட்டுப் பேரன்கள் சொல்வதும் இதைத்தான். அந்த 'எல்லோரும்' என்பதில் நான்கு வயதுக் குழந்தை சேர்த்தியா என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டுவிட்டேன். ஆனால் கேட்டதற்கு வருத்தமில்லை.

குற்றவுணர்ச்சியால் யாருக்கும் பயனில்லை தோழர்களே, காகிதங்களால் உண்டு. விடுதலை பெற்ற கறுப்பின மக்களில் பெரும்பாலோரின் பெயர் கணக்கெடுப்பில் முதன்முதலாக ஏறியது 1870இல்தான். அதற்கு முந்தைய தலைமுறையைத் தேடும் இன்றைய வாரிசுகள் உடைமையாளர் வீட்டு உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் காகிதங்கள் இவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கலாம். அவற்றை எடுத்துப் பொதுவில் வைப்பதற்குத் தயவு என்று பெயரில்லை, அது பாக்கி.

மறுநாள் காலை அந்த முன்னோரின் சொத்துப் பட்டியலைக் கேட்டு வாங்கினோம். சாப்பாட்டு மேசை, வெள்ளிக் கரண்டிகள், அவற்றுக்குக் கீழே மூன்று பெயர்கள், பக்கத்தில் விலை. தோழி தன் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, விலையை விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் எழுதத் தொடங்கினார். விலையையும் எழுதச் சொன்னேன்.